தட்டினா வந்துடுமா?

அவைத் தலைமையை அணிசெய்து அமர்ந்திருக்கும் எங்கள் முதலாளி அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியோடு நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பெற்ற பிள்ளையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கும் தாய்மார்களே! கண் சிவக்க, கழுத்து வலிக்க, கணினி முன் கிடந்து காட்சிக்குக் காட்சி மாயம் படைக்கும் என் சக தொழிலாளத் தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

படங்களுக்குப் பெயர்ப்பட்டியல் செய்கிற டைட்டில்காரன் நான். புதிய எந்திர அறையைப் பாராட்டி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நாடாவை வெட்டியாயிற்று. கணினி படம் வரைவதை வேகமாக்கும் எட்டுப் புதிய கிராபிக்ஸ் கார்டுகளும் கண் சிமிட்டுகின்றன. எனக்கு முன் பேசிய முதலாளி அவர்கள் ஒரு பொன்மொழி அருளினார்கள். "இனிமே ஆளே வேணாம்யா. பிளகின் இருக்கு, கார்டு இருக்கு. ஒரு பட்டன் தட்டினா வந்துடும்!"

நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிய கை இன்னும் எரிகிறது.

தட்டினா வந்துடுமா? எது வந்துவிடும்? பிளகின் என்பது மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு துணைக்கருவி. புகை கேட்டால் புகை தரும், பொறி கேட்டால் பொறி தரும், புழுதி கேட்டால் புழுதி தரும். மறுக்கவில்லை. ஆனால் எந்தப் புகை? பஞ்சு எரிந்தால் ஒரு புகை, எண்ணெய் எரிந்தால் வேறு புகை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? கார்டுக்குத் தெரியுமா? கண்டவர் சொல்ல வேண்டாமா?

சொல்ல ஒருவர் இருந்தார். பதினோரு வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். புகையக்கா என்று அழைப்போம். வெள்ளிக்கிழமை வெளியாகப்போகும் நம் படத்தில் பஞ்சாலை பற்றி எரிகிறதே, அது அவர் கைவேலை. எதிர்த்தெருவில் வண்டி பழுது பார்ப்பவர் எண்ணெய்த் துணியைக் கொளுத்தினால் போதும், சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு ஓடுவார். "என்னக்கா, புகையைப் போய் இப்படிப் பாக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, புகை எடுத்தவுடனே மேல ஏறாது. கொஞ்சம் தயங்கும். வழி தேடும். அப்புறம்தான் ஏறும். அந்தத் தயக்கம் இல்லேன்னா அது புகை இல்ல, பஞ்சு மிட்டாய்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தத் தயக்கத்தைத் திரையில் கொண்டுவர அவருக்குப் பதினேழு நாள் ஆயிற்று. நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. நெருப்பே இல்லாமல் புகைய வைத்தவர் எங்கள் அக்கா!

அந்த அக்கா இன்று எங்கே? ஏன் இந்த மண்டபத்தில் இல்லை? சொல்கிறேன்.

திரையில் ஒரு நொடி ஓட இருபத்து நான்கு படம் வேண்டும். செய்து முடித்த காட்சியை எந்திரங்கள் பங்கு போட்டுக்கொண்டு அப்படி ஒவ்வொரு படமாக வரைந்து தள்ளும். ரெண்டர் என்போம். எங்கள் கூடத்தில் நான்கு எந்திரங்கள். நான்கிலும் புகைப் பிளகினுக்கு லைசென்ஸ் உண்டு. ஐந்தாவது ஒன்றும் உண்டு. எங்கே? முதலாளி அறையில்! கண்ணாடிப் பெட்டிக்குள், ஏழு வண்ண விளக்கோடு, வருகிறவர்கள் வாய் பிளப்பதற்காக! இருந்ததிலேயே பெரிய கார்டு அதில்தான். எதற்கு? பின்வரிசையில் யாரோ "கார் ரேஸ் விளையாட" என்கிறார். நான் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

தயாரிப்பாளருக்குப் படம் போட்டுக் காட்டும் நாள். காலையில் ஓர் உத்தரவு: "என் ரூம் மிஷினையும் சேத்துக்குங்க, சட்டுனு முடியும்." அக்கா அந்த அறை வாசலில் நின்று சொன்னார், நான் என் காதால் கேட்டேன். "சார், அதுல லைசென்ஸ் போடல. படத்து மேல குறி விழுந்துடும்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. தட்டுங்க, வந்துடும்."

தட்டினார்கள். வந்தது! லைசென்ஸ் இல்லாவிட்டால் அந்தப் பிளகின் படத்தின் குறுக்கே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடும். ஐந்தாவது எந்திரம் வரைந்த ஒவ்வொரு படத்திலும் போட்டது. சரிபார்க்க நேரம் கொடுத்தார்களா? இல்லை. திரையில் ஆலை எரிகிறது, குறி மின்னுகிறது, மறைகிறது, மறுபடியும் மின்னுகிறது. தயாரிப்பாளர் தன் கண்ணில்தான் கோளாறு என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

அன்று மாலைக்குள் அக்காவுக்கு வேலை போயிற்று. "திருட்டுப் பிளகின் போட்டுட்டா" என்றார் முதலாளி. மூன்று நிறுவனங்களில் அக்கா வேலை கேட்டார். மூன்றிலும் ஒரே பதில்: "நெருப்பில்லாம புகையுமா?" பாவம் ஓரிடம், பழி ஓரிடம்!

ஒலிபெருக்கிக்காரரே, முதலாளி உங்களுக்குக் கை காட்டுவது எனக்கும் தெரிகிறது. நிறுத்தினாலும் எனக்குத் தொண்டை இருக்கிறது. என்ன ஐயா? வீட்டு விஷயத்தை வெளியே பேசக்கூடாதா? அக்காவை வீட்டைவிட்டுத் துரத்தியது யார்?

கேளுங்கள். எந்தப் படத்தை எந்த எந்திரம் வரைந்தது என்று பதிவாகிவிடும். குறி விழுந்தவை இருநூற்றுப் பதினோரு படங்கள். இருநூற்றுப் பதினொன்றிலும் ஒரே பெயர்: முதலாளி அறை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தால், பூசணிக்காய் தானே எழுந்து பெயர் சொல்கிறது!

என் கோபம் அவர்மேல் மட்டுமா? இல்லை தோழர்களே. மறுநாள் என் மேசைக்கு உத்தரவு வந்தது, பட்டியலிலிருந்து அக்கா பெயரை எடு என்று. வாசலில் அவர் சொன்னதைக் கேட்டவன் நான். வாய் திறந்தேனா? ஏன் என்றாவது கேட்டேனா? அவர் பெயரைத் தேர்ந்தெடுத்தேன், ஒரு பட்டன் தட்டினேன், போய்விட்டது. கீழே இருந்த பெயர்களெல்லாம் ஒரு வரி மேலே ஏறி நின்றுகொண்டன. இடைவெளிகூடத் தெரியவில்லை. அவர் புகைக்கு இருந்த தயக்கம் என் விரலுக்கு இல்லையே! வெட்கமாக இருக்கிறது, வெந்து போகிறேன்.

முதலாளி அவர்களே, உங்கள் பொன்மொழியில் பாதி உண்மை. ஒரு பட்டன் தட்டினால் ஒன்றும் வந்துவிடாது. ஆனால் ஒருவரின் வாழ்க்கை போய்விடும்.

இன்று காலை, நீங்கள் நாடா வெட்டுவதற்கு முன், அந்தப் பெயரைத் திரும்ப எழுதினேன், ஒவ்வோர் எழுத்தாக. நாளை மதியம் பட்டியல் வெளியே போகிறது. அதற்குள் எடுக்கச் சொல்வீர்கள். எடுக்கலாம், ஒரு பட்டன்தான். என் கை தட்டாது. தோழர்களே, உங்களில் யார் கை தட்டும்? எழுந்து சொல்லுங்கள்!

ஒருவரும் இல்லையா? ஒரு நாற்காலிகூட அசையவில்லையே! அப்படியானால் முதலாளி அவர்களே, நீங்களே வாருங்கள். என் கணினி திறந்தேதான் இருக்கிறது. அவர் பெயர் எந்த வரியில் என்று தெரியாவிட்டால் நான் பக்கத்தில் நின்று காட்டுகிறேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. ஒலிபெருக்கிக்காரரே, ஒரு பட்டன் தட்டி என்னை நிறுத்தியிருக்கலாம். தட்டாத அந்த விரலுக்குத் தனி நன்றி. வணக்கம்.