ரோஜாவுக்குப் புது மண்

ஆக்லண்டில் ரோஜா வளர்ப்பது பெரிய வித்தையில்லை, ஐயா. ஈரம்தான் இங்கே தாராளமாகக் கிடைக்கிறதே. நான் நடந்துகொண்டே சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள். ஓரிடத்தில் இருந்தால் என் கை சும்மா இராது, எதையாவது துடைக்கத் தேடும்.

நோபேட் என் தம்பி. பிளாக்ஹவுஸ் பே வீட்டில் நானும் அவனும்தான். அவனுடைய கிட்னி இரண்டும் கைவிட்டபோது என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவன் விழுங்கிய மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். மற்றவர்களை ஒன்றும் செய்யாத பூஞ்சணம் இவன் நெஞ்சுக்குள் வளர்ந்துவிடும் என்று தாதி என்னிடம்தான் சொன்னாள். அன்றிலிருந்து குளியலறைச் சுவரைத் தினமும் துடைத்தேன். பூந்தொட்டிகளை வெளியே தள்ளினேன். அவன் மூச்சுவிடும் காற்றுக்கே காவல் இருந்தேன்.

பிறகு றோஷினி என்ற பிள்ளையைக் கட்டப்போவதாகச் சொன்னான். பிளாட் புஷ்ஷில் வீடும் பார்த்தாகிவிட்டதாம். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? என் உறுப்பைச் சுமந்துகொண்டு போகிறவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போவதற்கு முன் என் ரோஜாக்களுக்குப் புது மண் போட்டுத் தரச் சொன்னேன். வெளியே மழை. மாதக்கணக்காக நனைந்து கிடந்த உர மூட்டையைக் கராஜுக்குள் இழுத்துவைத்துக் கதவைச் சாத்தினேன். அவன் அவிழ்த்ததும் உள்ளே பூத்திருந்த பூஞ்சணம் சாம்பல் நிறத் தூசியாக எழும்பியது.

"மாஸ்க் போடட்டோ அக்கா?"

"தேவையில்லை. அதெல்லாம் ஒப்பரேசன் முடிந்த முதல் வருசத்துக்குத்தான்."

"நீங்கள் சொன்னால் சரி."

அவன் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சநாள் படுத்தால் கல்யாணப் பேச்சு ஆறிப்போகும், கஞ்சி வைத்துக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். இருமல் தொடங்கியதும் கொடுத்தேன், குடித்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் கேட்டார், மண், உரம் ஏதும் தொட்டாரா என்று. தொண்டையில் குழாயோடு கிடந்த நோபேட் என்னையே பார்த்தான். இல்லை என்றேன். வேறு கிருமிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாளும் கேட்டார். அடுத்த நாளும் இல்லை என்றேன். பூஞ்சணம் என்று அவர்களாகவே கண்டுபிடித்தபோது நெஞ்சு முழுவதும் பரவியிருந்தது.

நான் வாய் திறந்திருந்தால் அவன் பிழைத்திருக்கக்கூடும். அதையும் உங்கள் பொலிஸ் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிவரை அவன் கையைப் பிடித்திருந்தது நான்தான்.

றோஷினி நல்ல பிள்ளை. ஆனாலும் என்னைப்போல அவனைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள அவளுக்கு வந்திருக்காது.