முந்நூறு வரைக்கும் எண்ணினேன்

— சட்டையத் தூக்குங்க. தொப்புளுக்கு இந்தப் பக்கம்... ஆங், அப்படியே இருங்க.

— மெதுவாடி. ஊசி புடிக்க எங்கிட்ட கத்துக்கிட்டிருக்கலாம். இருபது வருஷமா காஜா எடுத்த கை இது.

— நீங்க தைக்கிற துணி பேசாது. நீங்க பேசிட்டே இருக்கீங்க.

— துணிக்குப் பொண்டாட்டி இல்ல, அதான்... ஸ்ஸ்... ஆச்சா?

— ஆச்சு. தேய்க்காதீங்க, கைய எடுங்க... என்னது இது, விரல் நுனியெல்லாம்?

— தையல் ஊசி குத்திருக்கும். தொழில்ல சகஜம்.

— கடையப் பூட்டி மூணு மாசம் ஆச்சுங்க.

— சரி... சொன்னா திட்டக் கூடாது.

— முதல்ல சொல்லுங்க.

— தினம் காலைல ஒரு குத்து. ரத்தம் நிக்கிற வரைக்கும் எண்ணுவேன்.

— உங்களுக்கு என்ன பைத்தியமா... எதுக்கு?

— மருந்து கேக்குதான்னு பாக்கத்தான். கால்ல ரத்தம் கட்டினப்ப டாக்டர் என்ன சொன்னார்? புத்துநோய், உறைஞ்ச ரத்தத்தப் போத்திக்கிட்டு ஒளிஞ்சிருக்குமாம். இந்த ஊசியில ரத்தம் இளகினா போர்வை போயிடும்...

— ஆராய்ச்சி நடக்குது, அப்படி இருக்கலாம்னுதான் சொன்னார்.

— இருக்கலாம் என்ன, இருக்கு. ஆரம்பிச்சப்ப நூறு எண்ணுறதுக்குள்ள நின்னுடுச்சு. போன வாரம் இருநூறு. இன்னிக்கு முந்நூறு தாண்டியும் சொட்டுச்சு, தெரியுமா?

— ...வேற எங்கயாவது ரத்தம் வருதா?

— அதெல்லாம் இல்ல.

— என் முகத்தப் பாத்து சொல்லுங்க.

— பல்லு விளக்கறப்ப... ஈறுல கொஞ்சம். நீ வர்றதுக்குள்ள வாஷ்பேசினக் கழுவி விட்டுடுவேன்.

— எத்தனை நாளா?

— ஒரு வாரம் இருக்கும். ஏன் மறைச்சேன்னு கேக்காத. சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்க. கீமோவும் இனி வேணாம்னுட்டாங்க... எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்.

— ஐயோ... என்னங்க...

— ஏய், எதுக்கு அழற? சந்தோஷப்படுவியா... மருந்து உள்ள போய் வேலை பாக்குது, அதனாலதான் இவ்வளவு ரத்தம்...

— இல்லீங்க.

— என்ன இல்ல?

— பத்து நாள் முன்னாடியே டாக்டர் அந்த ஊசி மருந்த நிறுத்தச் சொல்லிட்டார். நோய் எலும்புக்குள்ள இறங்கிடுச்சு, ரத்தத்த உறைய வைக்கிற அணு அங்க ஊறல, அதனாலதான் ரத்தம் உறைய மாட்டேங்குதுன்னார். ஊசி இல்லன்னா நீங்க சோத்தையும் விட்டுடுவீங்கன்னு பயந்துட்டேன்... இத்தனை நாளா நான் உங்களுக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணிங்க.