காப்பாரைச் சுற்றி ஒரு வட்டம்

கிள்ளான் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஹோட்டல் துப்புரவுச் சீருடையில் இருந்த இளையவள் சொன்னாள்:

"அந்த மேப்ல நம்ம ஊரு காப்பாரச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டிருந்துச்சுக்கா."

"எந்த மேப்?"

"போர் முடிஞ்சதும் நட்பு நாட்டு பாதுகாப்பு அமைச்சருங்க எங்க ஹோட்டல்ல வந்து பேசுனாங்கல்ல, அந்த ரூம்ல. மேசை துடைக்கப் போனப்ப பார்த்துட்டேன்."

"நட்பு நாடுதானே? நம்ம ஊரு பவர் ஸ்டேஷனுக்குக் காவல் போடுவாங்களா இருக்கும் லா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்னிக்குக் காலையில, அந்த ரூம்ல என்னையப் பார்த்த கோட்டு போட்ட ஒருத்தர் வந்தாரு. மேப்பப் பத்திக் கேக்கவே இல்ல. வீடு எங்கன்னு மட்டும் கேட்டாரு."

அக்கா குரலைத் தாழ்த்தினார். "என்ன சொன்ன?"

"தூரத்துல இருக்கற பந்திங்னு பொய் சொன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே, 'நல்ல வேளை'ன்னாரு."