அக்கா நடந்து வரும் பாட்டு

செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்திருந்தவன் பக்கத்திலிருந்த நண்பனிடம் சொன்னான்:

“மச்சான், என் பாட்டு முடிய மாட்டேங்குதுடா.”

“இன்னாடா சொல்ற? சாயங்காலம் உங்க அக்கா ரிசப்ஷன். அந்தப் பாட்டுக்குத்தான அது மேடைக்கு நடந்து வரப் போவுது?”

“ட்ரம்ஸு, கீபோர்டு எல்லாம் தனித்தனி கிளிப்பா கீது. ஒவ்வொண்ணும் ஆரம்பிச்ச எடத்துக்கே வந்து சுத்திகினு கீது.”

“அப்ப உங்க அக்காவும் மண்டபத்தையே சுத்திகினு இருக்கட்டும். மாப்ள பந்திக்குப் போய்டுவாரு.”

“வெளாடாதடா. எல்லாத்தையும் முழுப் பாட்டா டைம்லைன்ல வரிசையா அடுக்குறது பேஜாரா கீது.”

“நீ அடுக்காத. ரெக்கார்ட போட்டுட்டு கிளிப்ப ஒண்ணொண்ணா தட்டு. நீ தட்டுற வரிசையிலயே அது டைம்லைன்ல போய் உக்காந்துக்கும்.”

ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டார்கள். லேப்டாப்காரன் தட்ட ஆரம்பித்தான். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்று கிளம்பிய பிறகும் தலையை ஆட்டியபடி தட்டிக்கொண்டே இருந்தான். நண்பன் பொறுமையிழந்து, கையை நீட்டி ஸ்டாப் பட்டனை ஒரு தட்டு தட்டினான்.

“டேய், இன்னாடா பண்ண?”

“முடிச்சேன்.”

முதலிலிருந்து போட்டுக் கேட்டார்கள். பிறகு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டான்.

“அக்கா, பாட்டு ரெடி. கொஞ்சம் நீளமாப் பூட்ச்சு. நீ மெதுவா நடந்து வா, இன்னா?”

அக்காவின் குரல் என் சீட்டு வரைக்கும் கேட்டது.

“இந்தப் பொடவைல, ஹீல்ஸ் வேற மாட்டிகினு, நான் இன்னா ஓடியாடா வரப் போறேன்?”