உடை மாற்றும் அறைக் கதவில் ஒரு சாக்பீஸ் கோடு

பெருமதிப்புக்குரிய தலைவர் டெனிஸ் ஓல்ராய்ட் அவர்களே! செயற்குழுவின் பெரியவர்களே! ஒரு காலத்தில் இந்தச் சிவப்பு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சிங்கம்போல் ஓடி, இன்று இந்த மன்றத்தின் நாலு படி ஏறுவதற்கு முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் வீரப் பெருமக்களே! ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையின் பூட்ஸில் ஒட்டிய சேற்றை வெண்ணெய்க் கத்தியால் சுரண்டி, அதே கத்தியைக் கழுவிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிய என் தாய்மார்களே! அக்கரை கெல்பரோவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த மருமக்களே, பயப்படாதீர்கள், உங்களையும் சேர்த்துத்தான்! அனைவருக்கும் ஹாக்வெல் மண்ணின் மாலை வணக்கம்.

இந்த மன்றத்தின் சலவை அறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்றவள் நான். இந்த மேடையில் நிற்பது இன்றுதான் முதல் தடவை. ஐந்து நிமிடம் என்றார் செயலாளர். முப்பத்தெட்டு வருஷத்து அழுக்கை ஐந்து நிமிடத்தில் வெளுக்க எந்தச் சோப்பு இருக்கிறது, சொல்லுங்கள்?

இன்று நம் முன்னால் இருப்பது ஒரே ஒரு தீர்மானம். நம் ரக்பி லீக் மன்றத்தின் இளையோர் அணியைக் கலைத்துவிடுவது. ஏன் கலைக்க வேண்டும்? ஆறு ஆண்டுகளாக அந்த அணியிலிருந்து ஒரு பிள்ளைகூடப் பெரிய அணிக்கு ஏறவில்லையாம். அதனால் இனிமேல் கடல் கடந்து வளர்ந்தவனைக் கூப்பிட்டுக்கொள்வோமாம். தீர்மானம் நிறைவேறினால், வருகிற வியாழக்கிழமை நடக்க வேண்டிய பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் தேர்வும் கிடையாது.

நான் கேட்கிறேன். விளையவில்லை என்று வயலை விற்கப் போகிறவன், விதைத்தது என்ன என்று ஒரு பிடி அள்ளிப் பார்க்க வேண்டாமா? மண் மலடா, விதை மலடா, விதைத்தவன் கை மலடா? எது என்று தெரியாமலே ஏரைத் தூக்கி எறியலாமா?

இங்கே இருக்கும் எல்லாருக்கும் அந்தக் கதவைத் தெரியும். உடை மாற்றும் அறைக் கதவின் நிலையில் ஒரு சாக்பீஸ் கோடு. ஐந்தடி இரண்டு அங்குலம். தேர்வு நாளன்று வருகிற பிள்ளையை முதலில் அங்கேதான் நிறுத்துவார்கள். கோட்டுக்கு மேலே தலை தெரிந்தால் கையில் பந்தைக் கொடுப்பார்கள். தெரியாவிட்டால் கையில் மாவுக்குள் இறைச்சி பொதிந்து சுட்ட ஒரு சூடான ‘பை’யைக் கொடுத்து, முதுகில் தட்டி, வீட்டுக்கு அனுப்புவார்கள். நல்ல பைதான். நான்தான் சுடுவேன். ஆனால் அந்தப் பையை ருசித்துத் தின்ற பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால் அந்தக் கோட்டின் கீழே நின்றான் ராஸ் டின்ஸ்டேல். அதோ மூன்றாம் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைக்கிறாளே பெரில், அவள் மகன். கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழே இருந்தது அவன் தலை. அன்று தேர்வாளர் யார்? இன்றைய தலைவர்தான். “கொஞ்சம் வளந்துட்டு வா தம்பி” என்றார். பையன் நகரவில்லை.

“நான் ஆகஸ்ட் இருபத்தொம்பது சார். மூணு நாள் கழிச்சு, செப்டம்பர் ஒண்ணுல பொறந்திருந்தா இந்த வருஷம் வந்திருக்கவே மாட்டேன். அடுத்த வருஷந்தான்” என்றான்.

“எதிராளி உன் பொறந்த நாளைக் கேட்டுட்டா வந்து மோதுவான்?” என்றார் தலைவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கேட்டதை மறக்காதவள், நான் சிரித்ததையும் மறக்கவில்லை. பையன் அந்த இறைச்சிப் பையை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

போனவன் எங்கே போனான்? ஆற்றைத் தாண்டிப் போனான். பதினேழு வயதில் மூங்கில்போல் வளர்ந்தான். கெல்பரோவின் கறுப்புச் சட்டையில், நம் மைதானத்தில், அரையிறுதி ஆட்டத்தில், நம் பதின்மூன்று பேரையும் கண்ணாமூச்சி ஆட்டி மூன்று முறை நம் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தை மண்ணில் அழுத்திப் புள்ளி எடுத்தான். என் பக்கத்தில் பெரில், நம் சிவப்பு வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, விசும்பி விசும்பி அழுதாள். ஊர் தோற்றதற்கு அழுகிறாயா, மகன் ஜெயித்ததற்கு அழுகிறாயா என்று கேட்டேன். “பேசாம இரு வின்னி. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. நம்ம பசங்க ஒண்ணு போட்டுருவாங்க” என்றாள்.

அவள் அல்லவா ஹாக்வெல்காரி! கைதட்டுங்கள், அவளுக்குத் தட்டுங்கள். எனக்கு வேண்டாம்.

சரி, அது ஒரு பிள்ளை கதை என்பீர்கள். இனி தட்டுக் கதைக்கு வருகிறேன்.

பிறந்தநாள் வந்தால் அம்மா ஒரு தட்டு நிறைய பன் சுட்டு உடை மாற்றும் அறைக்கு அனுப்புவது நம் வழக்கம். காலித் தட்டைக் கழுவித் திருப்பி அனுப்புவது என் வேலை. எனக்குப் படிப்புக் கிடையாது. ஆனால் எந்தத் தட்டு யார் வீட்டுத் தட்டு, எந்த மாதம் வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போன வருஷம் இளையோர் அணியில் இருபது பிள்ளைகள். செப்டம்பரில் ஐந்து தட்டு. அக்டோபரில் நாலு. நவம்பரில் மூன்று. டிசம்பரில் இரண்டு. பிறகு மே முடிய எல்லாம் சேர்த்து ஆறு. ஜூனில்? ஒன்றுமில்லை. ஜூலையில்? ஒன்றுமில்லை. ஆட்டம் அனல் பறக்கும் ஆகஸ்டில்? ஒரு துணுக்கு பன்கூட இல்லை!

ஹாக்வெல் பெண்கள் கோடையில் பிள்ளை பெறுவதையே நிறுத்திவிட்டார்களா? அங்கே மருத்துவச்சி ஹேசல் கையை ஆட்டுகிறாள். போன ஆகஸ்டில் அவளுக்கு ஒரு ஞாயிறுகூட ஓய்வு கிடைக்கவில்லையாம்.

அப்படியென்றால் அந்தக் கோடைப் பிள்ளைகள் எங்கே? கையில் இறைச்சிப் பையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்! செப்டம்பர் ஒன்றில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்ட் முப்பத்தொன்றில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவு. நடுவிலே முழுதாய் ஒரு வருஷத்துச் சோறு! நாம் திறமையை அளக்கவில்லை, தோழர்களே. தின்ற சோற்றை அளந்தோம். ஆட்டத்தை அளக்கவில்லை, ஆளை அளந்தோம். அந்தச் செப்டம்பர்ப் பிள்ளைகளும் நம் செல்லப் பிள்ளைகளே; அவர்கள் சட்டையையும் நான்தான் துவைத்தேன். பதின்மூன்று வயதில் உடம்பால் இடித்தே ஜெயித்தார்கள். பந்தைக் கைமாற்றிவிடவோ, ஏமாற்றி ஒதுங்கவோ கற்க அவர்களுக்கு அவசியம் வரவில்லை. பதினெட்டில் எல்லாரும் ஒரே உயரம் ஆனபோது கையில் வித்தை இல்லாமல் நின்றார்கள். ஆறு வருஷமாக ஒருவனும் ஏறாததன் காரணம் அதுதான். மண் மலடு இல்லை! தாய்மார் மலடு இல்லை! அந்தக் கோடு மலடு!

போன செவ்வாய்க்கிழமை தலைவர் சலவை அறைக்கு வந்தார். இந்தத் தட்டுக் கணக்கை முகத்துக்கு நேரே சொன்னேன். ராஸ் போன நாளிலிருந்து அவருக்கு மட்டும் சர்க்கரை போடாத தேநீர் கொடுத்து வருகிறேன் என்பது ஊருக்கே தெரியும். இரண்டு கரண்டி போட்டுக் குடிக்கிற மனிதர். பதினான்கு வருஷத்தில் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அன்றும் அந்தக் கசப்பைக் குடித்துக்கொண்டே, “எங்க பையன் கிரெக் எப்பப் பொறந்தான் தெரியுமா வின்னிக்கா?” என்றார்.

“ஆகஸ்ட் இருபத்திநாலு. தெரியாம என்ன? அவனுக்குத்தான் இந்த ஆட்டமே பிடிக்காதே” என்றேன்.

“பிடிக்காதுன்னு நான்தான் ஊர்ல சொல்லி வச்சேன். தேர்வுக்கு மொத நாளு, யாரும் இல்லாதப்ப, அந்தக் கதவுல நிறுத்திப் பாத்தேன். ரெண்டு விரக்கடை கம்மி. நாளைக்கு வராதடான்னுட்டேன். ஊரான் பிள்ளைக்கு ஒரு கோடு, என் பிள்ளைக்கு ஒரு கோடான்னு நெனச்சேன் அக்கா.”

அவர் கிரெக்கை விட்டுக்கொடுத்தது ராஸ் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால். பெற்ற பிள்ளையையே அனுப்பிய கை, பெரில் பிள்ளைக்கு எப்படி வளையும்? எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற எனக்கு இது மட்டும் தெரியாமல் போயிற்றே. மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். “சொல்லுங்க. வேணாம்னா மட்டும் சொல்லாம இருக்கப் போறீங்களா?” என்றார்.

நேர்மையில் குறை இல்லை, பெரியோர்களே. அளவுகோலில்தான் குறை. அளவுகோல் கோணல் என்றால் அதை முறிப்போமா, பிள்ளைகளைத் துரத்துவோமா?

நான் கேட்பது இவ்வளவுதான். வியாழக்கிழமை தேர்வு நடக்கட்டும். கோட்டை அழிப்போம். பிள்ளைகளின் சட்டையில் பிறந்த மாதத்தை எண்ணாகத் தைப்போம். செப்டம்பருக்கு ஒன்று, ஆகஸ்டுக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டாம் எண் சின்னப்பயல் ஒன்றாம் எண் பெரியவனை ஒரு தடவை ஏமாற்றி ஓடினால், அதன் விலை என்ன என்று தேர்வாளர் கண்ணுக்குத் தெரியட்டும். எண்கள் அத்தனையையும் நானே தைத்துத் தருகிறேன். இந்தத் தேர்வுக்கு வரப்போகிற பெரிலின் பேரன், அவள் மகள் பிள்ளை, ஜூலையில் பிறந்தவன். மாமன் ராஸ் நடந்த ஆற்றுப்பாலத்தில் அவனும் நடக்க வேண்டுமா? இன்னொரு அரையிறுதியில் இந்தப் பெண் இன்னொரு முறை அழ வேண்டுமா? வேண்டாம் என்பவர்கள், இந்தத் தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்குங்கள்!

செயலாளர் கடிகாரத்தைத் தட்டுகிறார். முடித்துவிட்டேன், ஐயா. பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் முணுமுணுத்த பின்வரிசைக்கும், எனக்காகப் பட்டாணி வேகிற அடுப்பைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி.

தலைவர் அவர்களே, உங்கள் மேசையில் தேநீர் வைத்திருக்கிறேன். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டிருக்கிறேன். வாக்கு எந்தப் பக்கம் விழுந்தாலும் இனி இரண்டு கரண்டிதான். ஆறுவதற்குள் குடியுங்கள், டெனிஸ். குடித்துவிட்டு, கை தூக்கச் சொல்லுங்கள்.

வணக்கம்.