அந்தப் பக்கம் நின்றவள்

விளக்கு வைக்கிற நேரம். திருக்கோகர்ணத்துக்கு வெளியே, பழைய கூட்ஸ் யார்டை ஒட்டிப் போகிற மண்சாலை. இரண்டு பக்கமும் சீமைக் கருவேல மரங்கள்... ஆள் அரவம் கிடையாது.

நம்ம சிநேகிதன் திருப்பதியின் மச்சான் அருள்மணி அந்த வழியாகத்தான் பைக்கில் வந்தான். பின்னால் மாம்பழ நிறச் சேலையில், மடியில் வயர்கூடையோடு மனைவி சரண்யா. அறந்தாங்கியில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியவளை பஸ் ஸ்டாப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

அருள்மணி ஜேசிபி ஓட்டுபவன். ரயில் நின்றுபோய்ப் பாழாகக் கிடந்த யார்டைப் பூங்காவாக்கும் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. தண்டவாளங்களை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சாலையோரம் ரயில்வே கேட்கீப்பர் இருந்த சின்ன அறை மட்டும் மிச்சம். அன்று காலையில்தான் அதை இடித்துத் தள்ளியிருந்தான்.

அந்த இடத்துக்கு வந்ததும் ஒருவர் குறுக்கே கையை நீட்டினார். காக்கிச் சட்டை. முகம் தெரியவில்லை.

"நில்லுங்க தம்பி. வண்டி வருது."

தண்டவாளமே இல்லாத இடத்தில் என்ன வண்டி... கேட்க வாயெடுப்பதற்குள் கரிப்புகை மூக்கில் ஏறியது. காலடியில் மண் அதிர்ந்தது. தடக்... தடக்... கறுப்பாக, நீளமாக ஏதோ ஒன்று சாலையைக் கடக்க ஆரம்பித்தது. சூடான காற்று முகத்தில் அடித்தது.

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே அந்தப் பக்கம் தெரிந்தது. அங்கே ஆட்கள். சைக்கிளோடும் தலைச்சுமையோடும், பேசாமல் இவனையே பார்த்தபடி நின்றார்கள்.

அவர்களுக்கு முன்னால் சரண்யா.

அதே மாம்பழ நிறச் சேலை. கையில் அதே வயர்கூடை. இடைவெளி வரும்போதெல்லாம் அவள் வாய் அசைந்தது. என்னங்க... என்னங்க... சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தே தெரிந்தது.

அவன் இடுப்பைப் பிடித்திருந்த கைகள் இறுகின.

திரும்பிப் பார்க்க அருள்மணிக்குத் துணிவு வரவில்லை.

கடைசிப் பெட்டியும் போனது. எதிரில் யாரும் இல்லை. கை நீட்டியவரும் இல்லை. இடித்துப் போட்ட செங்கல் குவியல் மட்டும்.

"ஏங்க நின்னுட்டீங்க? போகலாங்க." பின்னாலிருந்து சரண்யாவின் குரல்.

வீட்டுக்குக் கூட்டிவந்தான். பார்த்தால் அவளேதான். குக்கர் சுட்ட தழும்பு கையில் அதே இடத்தில். குழம்பில் அதே ருசி. மாமியார் போனில் நெடுநேரம் பேசினாள். மகள் குரலில் ஒரு வித்தியாசமும் கண்டுபிடிக்கவில்லை. அப்புறம் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? திருப்பதியிடம் மட்டும் சொன்னான்.

பூங்கா இப்போது திறந்தாயிற்று. புல்தரை, ஊஞ்சல், நடைபாதை. பொழுது சாய்ந்தால் அருள்மணி அங்கே போய்விடுவான். கேட் இருந்த இடத்தில் நின்றுகொண்டு, எதிர்ப்பக்கம் பார்த்துக் கையசைப்பான்.

"வண்டி வரல... இப்ப வந்துரு. இங்கிட்டு வா, சரண்யா."

வாக்கிங் வந்தவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

நன்றாக இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவான். சரண்யா கதவைத் திறப்பாள். சோறு போட்டு, எதிரில் உட்காருவாள். அவன் இரண்டு வாய் சாப்பிடும்வரை பொறுத்திருந்து, மெதுவாக, அன்பாகத்தான் கேட்பாளாம்...

"இன்னைக்கும் அவ வரலையாங்க?"