கடைசிக் கரண்டி

தேநீர் வேண்டாம், ஐயா. கேட்டதற்கு நன்றி. பாதி வாழ்க்கையாகத் தேநீரை வாயில் வைத்துத் துப்பியே சம்பாதித்தவன் நான். விழுங்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

முதலில் அந்தத் துப்புரவு அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குழாய் அடைப்பு எடுக்கும் திரவத்தைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டாள் என்று பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். பாவம், எங்கள் மேசையில் எந்தக் கோப்பை யார் கைக்குப் போகும் என்றே அவளுக்குத் தெரியாது. அதற்கெல்லாம் அனுபவம் வேண்டும்.

தேயிலையை ருசி பார்த்துத் தரம் பிரிக்கும் எங்கள் அறையில் ஒரு முறை உண்டு. நீள மேசையில் கோப்பைகள் வரிசையாக நிற்கும். சின்னவர்கள் முதலில் கரண்டியால் எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, வாய் முழுக்கப் பரவவிட்டுத் தொட்டியில் துப்புவார்கள். வாய் திறந்து எதுவும் சொல்லக்கூடாது. தலைமையில் இருப்பவர் கடைசியில் உறிஞ்சிவிட்டு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்வார். எந்தத் தேயிலை விற்பனைக்குப் போகும், எது குப்பைக்குப் போகும் என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். அந்தத் தலைமை நான். முதலாளியே என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெந்நீருக்கும் தேநீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் என்ன? எனக்கு முன்னால் உறிஞ்சுகிறவர்களுக்கு முகம் இருக்கிறதே. குட்டையன் என்று ஒருவன் இருக்கிறான், அவன் முகம் மரக்கட்டை. ஆனால் என் தம்பி மகளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. புருவம் ஏறினால் நல்ல சரக்கு, உதடு கோணினால் கழிசல். அவளைப் பார்த்துத்தான் சொல்வேன். அத்தனை பேரும் தலையாட்டுவார்கள். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். அந்த முகத்தில் எனக்கும் பாத்தியதை உண்டு.

ஒருநாள் ஒரு கோப்பைக்கு முகத்தைச் சுளித்தாள். நானும் உறிஞ்சிவிட்டு, "பூஞ்சை" என்றேன். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, அது இந்த வருஷத்துலயே நல்ல தேயிலை. நான் வேணும்னேதான் மூஞ்சியைச் சுளிச்சேன்."

நான் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களே முதலாளிகிட்ட சொல்லிட்டு கௌரவமா ஒதுங்கிக்கோங்க. உங்க இடத்துல நான் நின்னாலும் உங்களைக் கேட்காம எதுவும் செய்ய மாட்டேன், சத்தியமா."

கேட்டீர்களா, ஐயா? நேற்றுவரை மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த கழுதை, எனக்குப் பிச்சை போடுகிறது. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த இரக்கத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. "வாரக் கடைசியில சொல்லிடறேன்மா" என்றேன். நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கோப்பைகளில் நானே ஊற்றினேன். வழக்கமாகத் தலைமை ஊற்றுவதில்லை. பெரியவர் இறங்கி வேலை செய்கிறார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். மேசையின் இடது ஓரம் அவளுடையது, அங்கிருந்துதான் தொடங்குவாள். அந்த முதல் கோப்பையில் மட்டும் தேநீரோடு அந்தத் திரவமும் இருந்தது. குட்டையன் முந்திக்கொண்டால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். அவனுக்கும் என் நாற்காலிமேல் ஒரு கண் உண்டு. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பயந்து உறிஞ்சுகிறவர்களுக்கு நாக்கு நுனியோடு போயிருக்கும். அவள் கெட்டிக்காரி, தொண்டைவரை ஒரே இழுப்பாக இழுப்பாள். அன்றும் அப்படித்தான் இழுத்தாள். கத்தக்கூட முடியவில்லை. கீழே விழாமல் தாங்கிப் பிடித்தது நான்தான். வேண்டுமானால் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். இனிமேல் குழாய் வழியாகத்தான் சாப்பாடாம், பேச்சும் வராதாம். தம்பி என் தோளில் சாய்ந்து அழுதான். நானும் அழுதேன், பொய்யில்லை. பெற்ற மகள்போலப் பார்த்துக்கொள்கிறேன், பொட்டலம் கட்டும் பிரிவில் ஒரு வேலை வாங்கித் தருகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆமாம், கலந்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம் முடியுங்கள், ஐயா. புதுச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது, குட்டையன் தனியாகத் தடுமாறுவான். என்னை விட்டால் அந்த அறையில் இப்போது ருசி தெரிந்த நாக்கு வேறு கிடையாது.